மினிட் புத்தகத்தில் ஏறணும்: மதுரையில் வார்டு கூட்டத்துக்கும் கிராம சபைக்கும் முதல்முறை போகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் மழைநீர் வாய்க்கால் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வார்டு கூட்டத்துக்குப் போனேன். கால் மணி நேரம் பேசினேன். தெருவின் வாட்டம் கிழக்கே இருக்கிறது, வாய்க்காலை மேற்கே இழுத்தால் தண்ணீர் மேட்டிலா ஏறும் என்று கேட்டேன். கை தட்டினார்கள். "நல்லாப் பேசுனீங்கண்ணே" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து வாய்க்கால் மேற்கே பார்த்துத்தான் வந்தது. கூட்டத்தின் மினிட்டை, அதாவது நடவடிக்கைக் குறிப்பை, வாங்கிப் பார்த்தேன். என் கால் மணி நேரப் பேச்சு ஒரே வரியில் முடிந்திருந்தது: "பொதுமக்கள் அடிப்படை வசதிகள் குறித்துப் பேசினர்."

அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் தெருப் பெயரும் கோரிக்கையும் ஏற வேண்டும். அதற்கு என்ன செய்யணும் என்று, பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

வீட்டு வரி ரசீதை எடுங்கள்

முதல் வேலை, நீங்கள் யாருடைய எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள். கூட்டத்துக்கு வந்து மணிக்கணக்கில் காத்திருந்து, "இது எங்க லிமிட் இல்லையேம்மா" என்ற பதிலோடு திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதுரை 1971-இல் மாநகராட்சி ஆனது. 2011-இல் சுற்றியிருந்த ஊர்களைச் சேர்த்து 72 வார்டை 100 ஆக்கினார்கள். இப்போது அந்த 100 வார்டும் 5 மண்டலங்களில் இருக்கின்றன. தலைமை அலுவலகம் தமுக்கம் பக்கம் இருக்கும் அறிஞர் அண்ணா மாளிகை. அந்தக் கோட்டுக்கு வெளியே மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகள். அலங்காநல்லூர், பாலமேடு, சோழவந்தான், வாடிப்பட்டி போன்றவை பேரூராட்சிகள். மிச்சமெல்லாம் ஊராட்சி. முகவரியில் "மதுரை" என்று எழுதுவதாலோ டவுன் பஸ் வாசலில் நிற்பதாலோ மாநகராட்சி ஆகிவிடாது. வரி ரசீதின் தலையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்கள் ஆள். வாடகை வீட்டுக்காரர் என்றால் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள், வார்டு எண்ணும் அதிலேயே இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தெரு மாநகராட்சியுடையதாக இருக்கும், அது போய் முட்டுகிற மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். கண்மாய் பொதுப்பணித் துறை வழியில் வந்ததா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்பதிலும் இதே குழப்பம்தான். தெரியாவிட்டால் உங்கள் பகுதி ஏ.இ.யிடம், அதாவது உதவிப் பொறியாளரிடம், நேரே கேளுங்கள். "இது எங்களது இல்லை" என்று சொல்வதென்றால் எந்த அதிகாரியும் உடனே சொல்லிவிடுவார்!

எந்த வாசலில் என்ன கிடைக்கும்

ஊராட்சிக்காரர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே கிராம சபையில் நீங்கள் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் நடந்து வந்தது. 2022-இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள். கூட்டம் செல்லுபடியாக வருகைக் கணக்கு உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. 2025 ஜனவரியில் நம் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. "தலைவர்தான் இல்லையே, கிராம சபை எதுக்கு" என்று அப்போது பலர் கேட்டார்கள். தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் கிராம சபை உண்டு, தீர்மானமும் போடலாம். தட்டிக் கேட்கத் தலைவர் இல்லாத சமயத்தில்தான் ஊர்க்காரர்கள் கட்டாயம் போய் உட்கார வேண்டும் என்பேன்.

கிராம சபைத் தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மேலூர்ப் பக்கத்துக் கதை ஒன்று போதும். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பர் தொடக்கத்தில் ஏலம் முடிந்தது. அந்த வருடம் நவம்பர் 1 தீபாவளிக்கு மறுநாளாக வந்ததால் கிராம சபையை 23-ஆம் தேதிக்குத் தள்ளியிருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்து ஊர்கள் வரிசையாகச் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் எழுதின. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை ஜனம் நடந்து வந்தது. ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே இதைச் செய்துவிட்டது என்று சொன்னால் நடந்து வந்தவர்களின் கால்வலிக்கு மரியாதை இல்லை. ஆனாலும் அவர்கள் எந்த மேசைக்குப் போனாலும் எடுத்து வைக்க ஊர் ஊராகக் கையெழுத்தோடு ஒரு தாள் இருந்தது.

மாநகராட்சிக்காரர்களுக்கு வழி கொஞ்சம் சுற்று. மாமன்றக் கூட்டத்தில் நீங்கள் பேச முடியாது, கவுன்சிலர்தான் பேசலாம். உங்களுக்கென்று இருப்பது பகுதி சபை. ஏரியா சபை என்றும் சொல்கிறார்கள். 2022-இல் விதி வந்து, முதல் கூட்டங்கள் அந்த வருடம் நவம்பர் 1-இல் நடந்தன. ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பிரதிநிதி. அவர்களெல்லாம் சேர்ந்தது வார்டு குழு, அதற்குத் தலைவர் கவுன்சிலர். உங்கள் பகுதியின் பிரதிநிதி யார் என்று இன்றைக்கே கேளுங்கள். அவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கலாம். தனக்கு அப்படி ஒரு பொறுப்பு இருப்பதை அவரே மறந்தும் இருக்கலாம்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கிற குறைதீர் நாள் வேறு சங்கதி. பட்டா, முதியோர் உதவித்தொகை மாதிரி உங்கள் சொந்தக் குறைக்கு அது நல்ல இடம். ஒரு திட்டத்தைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று சொல்ல அங்கே வரிசையில் நிற்பது வீண். மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் நீங்கள் குறை சொன்ன அதே அலுவலகத்துக்கு "உரிய நடவடிக்கைக்கு" என்று வந்து சேரும்.

கடைசியாக, அரசாங்கமே தேதி குறித்து நம் கருத்தைக் கேட்கிற சந்தர்ப்பங்கள். இவைதான் கனமானவை, இவற்றைத்தான் நாம் அதிகம் கோட்டைவிடுகிறோம். முழுமைத் திட்டம் என்கிற மாஸ்டர் பிளானின் வரைவு வந்தால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். உங்கள் வயல் குடியிருப்பு மண்டலமா, தொழில் மண்டலமா என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் முடிவாகிறது. பெரிய குவாரி, ஆலை என்றால் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும். எல்லாக் குவாரிக்கும் இது கிடையாது, பரப்பைப் பொறுத்தது. அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். கலெக்டர் அல்லது அவர் சார்பில் வருவாய்த் துறையின் மூத்த அதிகாரி தலைமை வகிப்பார். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் பேசியதின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை உட்காருங்கள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று ஜனம் கலைந்த பிறகு காலி நாற்காலிகளுக்கு அது வாசிக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிவிப்பைப் பிடிப்பது

கிராம சபைக்கு ஏழு நாள் முன்னால் தகவல் சொல்ல வேண்டும். தண்டோரா போடுவதை 2022-இல் அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது. இப்போது ஆட்டோவில் மைக், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு தாள். மாநகராட்சி அறிவிப்புகள் நாளிதழில் டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் வரும். தெருவில் பேப்பர் வாங்குகிற ஒருவரிடம் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். ரிட்டயர்டு ஆசிரியர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள். அறிவிப்பைப் பார்த்தவுடன் போன் கேமராவில் படம் எடுத்து, கடைசித் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். நான் ஒருமுறை நான்கு நாள் பிந்திப்போய், ஆறு பக்க ஆட்சேபணையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தேன். அந்த ஆறு பக்கம் இன்றைக்கும் பீரோவில் கிடக்கிறது.

தாள்

இங்கேதான் நிதானம் வேண்டும். பேசப் போகிறவர் எவ்வளவு பெரிய பேச்சாளராக இருந்தாலும் சரி, கையில் தாள் இல்லாமல் போகாதீர்கள். கூட்டத்தில் குறிப்பெடுக்கிற ஊராட்சிச் செயலரோ மாநகராட்சி உதவியாளரோ மனிதர்தான். இருபது பேர் ஒரே நேரத்தில் பேசும்போது அவர் எழுதுவது "அடிப்படை வசதிகள்" என்றுதான் இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதையே பார்த்து எழுதுவார். அவருக்கும் வேலை மிச்சம்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாருக்கும் தெரியும். பலர் விட்டுவிடுவது "பார்வை" என்கிற வரி. அறிவிப்பின் எண்ணும் தேதியும் அங்கே இருந்தால் உங்கள் தாள் அந்தத் திட்டத்தின் கோப்பில் சேரும். இல்லாவிட்டால் பொது மனு ஆகி வேறு மேசைக்குப் போய்விடும். நான் எழுதும் தோரணை இது:

"பொருள்: எங்கள் தெரு மழைநீர் வடிகால், நீரோட்டத் திசை குறித்த ஆட்சேபணை. பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு எண் …, நாள் …. மேற்படி வடிகால் மேற்கு நோக்கி அமைக்கப்பட உள்ளதாக அறிகிறோம். தெருவின் கிழக்கு முனை மேற்கு முனையைவிடத் தாழ்வானது. கடந்த மழையில் கிழக்கு முனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற படங்கள் இரண்டு இணைத்துள்ளோம். பணி தொடங்கும் முன் மட்டம் பார்த்து, வடிகாலைக் கிழக்கு நோக்கி அமைக்கவும், எடுக்கப்படும் முடிவை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்."

இவ்வளவுதான். "பொன்னான நேரத்தை ஒதுக்கி", "தாழ்மையுடன் பாதம் பணிந்து" எதுவும் தேவையில்லை. திட்டவும் வேண்டாம். ஒரு தாளுக்கு ஒரு விஷயம். வடிகால், தெருவிளக்கு, நாய்த்தொல்லை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று துறைக்காரர்களும் மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். கடைசி வாக்கியம், அதாவது "எழுத்து மூலம் தெரிவிக்கவும்", கட்டாயம்.

ஒரே வாசகத்தை 300 ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கோப்பில் அதை "300 பேர் கையொப்பமிட்ட மனு – 1" என்றுதான் எழுதுவார்கள். பத்து வீட்டுக்காரர்கள் அவரவர் கதவு எண்ணோடு, அவரவர் வாசலில் நடந்ததை எழுதிய பத்துத் தாள் கனமாக இருக்கும். எங்கள் தெரு இட்லிக்கடை அக்கா எழுதியது நான்கே வரி. தண்ணீர் நின்ற இரண்டு நாளில் கடை திறக்காமல் போன நட்டம் ரூபாய்க் கணக்கில் அதில் இருந்தது. ஏ.இ. அந்தத் தாளைத்தான் இரண்டு முறை படித்தார்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, பாத்துக்கிறோம்" என்றால் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டே இருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். அண்ணா மாளிகைக்குப் போனவர்களுக்குத் தல்லாகுளம் தபால் நிலையம் பக்கம்தானே.

பேசும்போது

மூன்று நிமிடம். பெயர், தெரு, கதவு எண் சொல்லித் தொடங்குங்கள். தாளில் இருப்பதையே சொல்லுங்கள், புதிதாக எதையும் கிளப்பாதீர்கள். கட்சிப் பேச்சு தொடங்கினால் உங்கள் விஷயம் அதில் அமுங்கிவிடும். முடிக்கும்போது, "இதை மினிட்ல ஏத்திக்கங்க சார், தாள் இந்தா இருக்கு" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிக் கையில் கொடுங்கள். கிராம சபை என்றால் அரசு அனுப்பிய பற்றாளர் ஒருவர் இருப்பார், ஒரு பிரதி அவருக்கும்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. கவுன்சிலர் பெண்ணாக இருந்து, நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தால் சண்டை வேண்டாம். "அண்ணே வணக்கம், கவுன்சிலரக்கா எங்க?" என்று கேட்டு அக்கா கையிலேயே தாளைக் கொடுங்கள். மாமன்றத்தில் எழுந்து பேசப் போகிறவர் அவர்தான்.

கூச்சமாக இருக்கிறது என்கிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். மகளிர் குழுவில் நால்வர் சேர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் கூட்டத்தின் பேச்சே மாறிவிடும். அதை நான் எங்கள் வார்டிலேயே பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன்

வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதும் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். நூறு நாள் வேலைக்காரர்களை வேலையிடத்திலிருந்து கூட்டிவந்து வரிசையாகக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் ஊர்களும் உண்டு. வருகைக்குக் கையெழுத்துப் போடுவது சரிதான். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுத்து முடிந்த இடத்துக்கும் கையெழுத்துத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், "இதுல கோடு போட்டு அடைச்சிருங்க" என்று சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருப் பெயர் வரவில்லையென்றால் அப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். மறுநாள் போய்க் கேட்டால் புத்தகம் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் இருக்கும்.

பிறகு

ஒரு வாரம் விட்டு நேரில் போய்க் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-இல் வந்தது. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். இங்கே எல்லோரும் செய்கிற தவறு, "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பது. ஏன், எதற்கு என்பதற்கெல்லாம் அங்கே பதில் வராது, தாள்தான் வரும். ஆகவே தாளைக் கேளுங்கள்: "… தேதியில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல்", "எனது … தேதியிட்ட ஆட்சேபணை மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகல்", "மேற்படி பணியின் மதிப்பீடு, வரைபட நகல்." 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

எங்கள் தெரு வாய்க்காலுக்கு வருகிறேன். அப்படித்தான் அந்த மதிப்பீட்டின் நகலை வாங்கினோம். அதில் மட்டம் எடுத்த கணக்கு இருந்தது, எங்கள் கிழக்கு முனையை உயரம் என்று எழுதியிருந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த வேறொரு முனையின் அளவு அது. அதைக் காட்டி மறுபடி எழுதினோம், இந்த முறை "பார்வை" வரியோடு. வந்து மட்டம் பார்த்தார்கள். கட்டியதை இடிக்கவில்லை. கிழக்கு முனையில் ஒரு கிளை வெட்டிப் பெரிய வாய்க்காலில் சேர்த்தார்கள். போன ஐப்பசி மழைக்கு இட்லிக்கடை வாசலில் தண்ணீர் கணுக்கால்வரைதான் வந்தது. அந்தக் கணுக்கால் தண்ணீருக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறோம், சீல் வாங்கியாயிற்று. அடுத்த பகுதி சபைக்கு அக்காவையே பேசச் சொல்லியிருக்கிறோம். மூன்று நிமிடத்தில் முடிப்பாரா என்பதுதான் சந்தேகம்.